பஃபலோவில் அந்த 57 பேர் வேலையை விடவில்லை

"2020இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் 57 போலீஸ்காரர்கள் வேலையையே விட்டார்கள்" என்று கட்டுரையில் எழுதலாமா எனக் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து எழுதாதீர்கள். அவர்கள் விலகியது கலவரத் தடுப்புப் பிரிவிலிருந்து மட்டும்தான். போலீஸ் வேலை அப்படியே இருந்தது.

நடந்தது இதுதான்: 75 வயது முதியவரை அந்தப் பிரிவுப் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் தள்ளிவிட, அவர் விழுந்து மண்டையில் அடிபட்டது. 'தடுக்கி விழுந்தார்' என்றுதான் காவல் துறை முதலில் சொன்னது, இதை விட்டுவிடாதீர்கள். வீடியோ வந்ததும் இருவரும் இடைநீக்கம். உத்தரவைத்தான் நிறைவேற்றினார்கள், அவர்களுக்கு ஆதரவாகவே 57 பேரின் இந்த விலகல் என்றது போலீஸ்காரர்களின் சங்கம். ஆனால் விலகியவர்களில் சிலர், வழக்குச் செலவைச் சங்கம் இனி ஏற்காது என்பதால்தான் விலகினோம் என்று உள்ளூர்த் தொலைக்காட்சியிடம் சொன்னார்கள். சங்கம் சொன்னதை 57 பேரின் கருத்தாக எழுதுவது நியாயமில்லை.

அப்புறம், 2021 பிப்ரவரியில் கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு) முதியவரைத் தள்ளிய அந்த இருவர்மீதும் குற்றம் சாட்ட மறுத்துவிட்டது. அதையும் சேருங்கள்.