தமிழ்ப் பள்ளிக்கு எதிரே ஸ்ட்ரிப் கிளப்: தடுக்க வழி உண்டா?

கேள்வி: டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே இருக்கிறோம். ஷாப்பிங் சென்டர் ஒன்றில் இடம் வாடகைக்கு எடுத்து ஞாயிறுதோறும் தமிழ்ப் பள்ளி நடத்துகிறோம். வெள்ளிக்கிழமை மாலை அங்கேயே பூஜையும் உண்டு. சாலைக்கு எதிர்ப்புறம் பூட்டிக் கிடக்கும் உணவகத்தில் ஸ்ட்ரிப் கிளப் வரப்போவதாக போர்டு வைத்திருக்கிறார்கள். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவிட்டோம். சிட்டி கவுன்சிலில் போய்ப் பேசினால் நிறுத்திவிடலாமா?

பதில்: கையெழுத்துத் தாள் இருக்கட்டும். முதலில் தூரத்தை அளந்து பாருங்கள்.

‘இது ஆபாசம், நம் பண்பாட்டுக்கு ஆகாது’ என்ற வாதம் அமெரிக்க நீதிமன்றத்தில் எடுபடாது. நிர்வாண நடனத்துக்கும் கருத்துரிமைப் பாதுகாப்பு ஓரளவுக்கு உண்டு. நியூஜெர்சியில் மவுண்ட் இஃப்ரைம் என்ற சின்ன ஊர் எந்த நேரடிக் கேளிக்கையும் கூடாது என்று மொத்தமாகத் தடுத்தது. 1981-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

ஆனால் எங்கே நடத்தலாம், எப்படி நடத்தலாம் என்று ஊர் சொல்லலாம். வாஷிங்டன் மாநிலத்து ரென்டன் நகரம், வீடு, தேவாலயம், பூங்கா, பள்ளி எதிலிருந்தும் 1,000 அடிக்குள் ஆபாசப் படத் தியேட்டர் கூடாது என்று விதி போட்டது. 1986-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இரண்டு காரணங்கள்: தியேட்டர் நடத்த ஊரில் 520 ஏக்கர் மிச்சம் இருந்தது, விதியின் நோக்கம் படத்தை அடக்குவதல்ல, அக்கம்பக்கத்தில் கூடும் குற்றத்தையும் சரியும் சொத்து மதிப்பையும் தடுப்பது. அதனால் கவுன்சிலில் பேசுகிறவர்கள் ஒழுக்கத்தைப் பற்றி முழங்கினால், வெறும் வாயை மெல்லும் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அவல் கொடுத்த மாதிரி. பார்க்கிங், இரவு நேரம், போலீஸ் அழைப்புகள் பற்றிப் பேசச் சொல்லுங்கள்.

அதுவும் எவ்வளவு உதவும் என்பது வேறு விஷயம். இப்படி ஒரு கிளப் திறக்க ஊரில் லைசன்ஸ் வாங்க வேண்டும். பல ஊர்களில் அது கவுன்சில் ஓட்டுக்கே போகாது. விண்ணப்பத்தைப் போலீஸ் துறையோ வேறொரு நகர அலுவலகமோ சரிபார்க்கும். நிபந்தனைகள் எல்லாம் பொருந்தினால் லைசன்ஸ் கொடுத்தே ஆக வேண்டும். டாலஸ் நகரத்தின் விதியைப் பற்றிய 1990 வழக்கில், லைசன்ஸைக் காலவரையின்றிக் கிடப்பில் போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே ஒரு நிபந்தனையாவது பொருந்தவில்லை என்று நீங்கள் காட்ட வேண்டும்.

டெக்சாஸ் உள்ளாட்சிச் சட்டத்தின் 243-ஆம் அத்தியாயம், பள்ளி, முறையான வழிபாட்டுத் தலம், குடியிருப்புப் பகுதி போன்றவற்றிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் இந்தக் கடைகளைத் தடை செய்ய நகரங்களுக்கும் கவுண்டிகளுக்கும் அதிகாரம் தருகிறது. அடிக்கணக்கு ஊருக்கு ஊர் மாறும். 1,000 அடி பரவலாக உண்டு, ஹூஸ்டனில் 1,500. பெரும்பாலும் கட்டடத்திலிருந்து உங்கள் மனையின் எல்லை வரை நேர்கோட்டில் அளப்பார்கள். கார் சுற்றிப் போகும் தூரம் கணக்கில் வராது.

உங்கள் சிக்கல் இங்கேதான். வாரம் ஒருமுறை நடக்கும் மொழி வகுப்பு, பல ஊர் விதிகளில் ‘பள்ளி’ என்ற விளக்கத்துக்குள் வராமல் போகலாம். வெள்ளிக்கிழமை பூஜைதான் உங்களுக்கு வலுவான கால். அது முறையாக, தொடர்ந்து, எல்லோருக்கும் திறந்து நடக்கிறது என்று காட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தம், அமைப்பின் பதிவு, நாள்காட்டி, படங்கள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கிளப்புக்கு லைசன்ஸ் கிடைத்த பிறகு பக்கத்தில் வரும் கோயில், பல ஊர்களில் அந்த லைசன்ஸைப் பாதிக்காது. அதனால் நீங்கள் முன்னமே அங்கே இருந்ததற்கான ஆதாரம் முக்கியம். இல்லாத பூஜையை இனிமேல் உருவாக்கிக் காட்டுகிற வேலை மட்டும் வேண்டாம், சொல்லிவிட்டேன்.

அந்தப் போர்டையும் விடாதீர்கள். புது இடத்துக்கு விண்ணப்பிப்பவர், விண்ணப்பம் கொடுப்பதற்குக் குறைந்தது 60 நாள் முன்பே அதை வைக்க வேண்டும். அளவு 24-க்கு 36 அங்குலமாவது இருக்க வேண்டும், எழுத்து 2 அங்குலம். விண்ணப்பதாரரின் பெயரும் வணிக முகவரியும் அதில் இருக்க வேண்டும். இன்றே ஸ்கேலைப் பக்கத்தில் பிடித்துத் தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். குறை இருந்தால் நகர வழக்கறிஞர் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். குறைந்தபட்சம் தேதியாவது தள்ளிப் போகும்.

அப்புறம், அந்தக் கட்டடத்தின் உரிமையாளர் யார் என்று பாருங்கள். அது ஷாப்பிங் சென்டருக்குள் இருந்தால், மற்ற கடைகளின் லீஸிலோ மனையின் பதிவான நிபந்தனைகளிலோ ‘அடல்ட் வணிகம் கூடாது’ என்று ஒரு வரி இருக்க வாய்ப்பு அதிகம். அந்த வரி கிடைத்துவிட்டால் அரசியல் சட்ட விவாதத்துக்கே வேலையில்லை. நிபந்தனைகளின் நகல் கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் கிடைக்கும். கவுன்சில் கூட்டத்துக்குப் போவதற்கு முன்னால் அங்கே போய்விட்டு வாருங்கள்.