ஹாட் டப் ஃபில்டரைத் தண்ணீரில் அலசினால் மட்டும் போதுமா?

வாராவாரம் ஃபில்டரைக் குழாய்த் தண்ணீரில் அலசியும் தொட்டித் தண்ணீர் கலங்கலாகவே இருக்கிறது, என்ன காரணம் என்று கேட்டிருக்கிறீர்கள். கனடாவின் ஒன்டாரியோவில் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு ஹாட் டப்பை, அதாவது உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டியை, பல வருடமாகப் பராமரித்து வருகிறேன். அலசுவது அவசியம்தான், ஆனால் அது பாதி வேலை. மீதிப் பாதி, எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது.

ஃபில்டர் என்பது புடவைக் கொசுவம் போல நெருக்கி மடித்த பாலியெஸ்டர் துணி. முடி, இலைத்தூள், மணல் எல்லாம் மேலேயே நிற்கும், தண்ணீர் பட்டதும் ஓடிவிடும். லோஷன், சன்ஸ்கிரீன், வியர்வை, நீச்சலுடையில் தங்கிய துணி சோப்பு ஆகியவை இழைக்குள் இறங்கி ஒட்டிக்கொள்ளும். நம் வீடுகளில் இதோடு தேங்காய் எண்ணெய் தடவிய தலையும் சேரும். இரண்டு மடிப்புகளை விரலால் விலக்கி அடிப்பகுதியைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் இனி எவ்வளவு அலசினாலும் போகாது. இறங்குவதற்கு முன் எல்லோரும் ஷவரில் தலையோடு குளித்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டில் சட்டம். ஃபில்டருக்கு அதைவிட நல்ல பராமரிப்பு கிடையாது.

முதலில் மின்சாரத்தை அணைத்துவிட்டு ஃபில்டரை எடுங்கள். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஹோஸைச் சாய்வாகப் பிடித்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு மடிப்பாக அலசினால் போதும். பிரஷர் வாஷர் வேண்டாம், இழை பிய்ந்துவிடும். மாதம் ஒருமுறை, ஹாட் டப் ஃபில்டருக்கென்றே விற்கும் க்ளீனரை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து இரவு முழுக்க ஊற வையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தாலே எவ்வளவு பிசுக்கு இருந்தது என்று புரியும். பாத்திர சோப்பு, வாஷிங் பவுடர் பக்கமே போகாதீர்கள். எவ்வளவு அலசினாலும் கொஞ்சம் துணியில் தங்கி, தண்ணீரைப் பீய்ச்சும் ஜெட்டைப் போட்டதும் தொட்டி நிறைய நுரை வரும்.

குவெல்ஃப், வாட்டர்லூ பக்கம் இருப்பவர்களுக்கு நிலத்தடி நீர், கடினமானது. மடிப்புகளில் வெள்ளையாக உப்புப் படியும். பாதி வினிகர், பாதி தண்ணீரில் ஊற வைத்தால் அது கரையும். ஆனால் பிசுக்கை எடுத்த பிறகுதான் வினிகரோ வேறு அமிலமோ போட வேண்டும். எண்ணெய் இருக்கும்போதே அமிலம் பட்டால் அது இழையோடு இறுகிவிடும், அப்புறம் அந்த ஃபில்டர் தேறாது. இன்னொன்று, கிருமிகளைக் கொல்லத் தொட்டியில் போடும் குளோரினும் அமிலமும் சேர்ந்தால் விஷவாயு வரும். அதனால் வினிகரில் போடுவதற்கு முன்னும் பின்னும் நன்றாக அலசுங்கள்.

குளிர்காலத்தில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். ஃபில்டர் அடைத்தால் தண்ணீர் ஓட்டம் குறையும், ஓட்டம் குறைந்தால் ஹீட்டர் தானாக நின்றுவிடும். வெளியே மைனஸ் 20 டிகிரி இருக்கும்போது ஓட்டமும் சூடும் நின்றால், தொட்டித் தண்ணீருக்கு முன்னால் மெல்லிய குழாய்களில் இருக்கும் தண்ணீர் உறைந்து, குழாய் வெடிக்கும். ஓட்டம் குறைந்தால் பல மாடல்களில் திரையில் எஃப்எல்ஓ (FLO) என்று எழுத்து வரும். அப்போது தொட்டியில் யாரும் இல்லாதபடி பார்த்துக்கொண்டு, ஃபில்டரை எடுத்துவிட்டுச் சில நிமிடம் ஓட்டிப் பாருங்கள். எழுத்து மறைந்தால் அடைப்பு ஃபில்டரில்தான். இதற்காகவே கூடுதலாக ஒரு செட் வாங்கி வீட்டுக்குள் வைத்திருக்கிறேன். ஒன்று ஓடும்போது மற்றது ஊறி, அலசி, நன்றாகக் காயும். வெளிக்குழாயை மூடிய மாதங்களில் குளியலறை ஹேண்ட் ஷவரே போதும்.

வீட்டில் பெரியவர்கள் இறங்குவார்கள் என்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிசுக்கு படிந்த ஃபில்டர் குளோரினைத் தின்றுவிடும். அந்த வெதுவெதுப்பில் தோல் தடிப்பைத் தரும் சூடோமோனாஸ், நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா ஆகிய பாக்டீரியாக்கள் வளரும். குளோரின் குறைந்தது 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3 பங்கு), அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.0 முதல் 7.8 வரை இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி சொல்லும் அளவு. ஃபில்டர் சுத்தமாக இருந்தால்தான் இந்த அளவு நிலைக்கும், எனவே டெஸ்ட் ஸ்ட்ரிப்பை ஒவ்வொரு முறை இறங்குவதற்கு முன்னும் நனைத்துப் பாருங்கள்.

நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் ஒரு ஃபில்டர் ஒன்று, ஒன்றரை வருடம்தான் வரும். துணி பஞ்சு பஞ்சாகப் பிரிந்தாலோ, ஃபில்டரின் முனை மூடியில் விரிசல் கண்டாலோ, ஊற வைத்த பிறகும் ஓட்டம் சரியாகாவிட்டாலோ மாற்றிவிடுங்கள். வாங்கும்போது பழையதன் மூடியில் உள்ள எண், நீளம், விட்டம் மூன்றையும் குறித்துக்கொண்டு போங்கள். புதியதைப் பொருத்தும்போது தண்ணீருக்குள் மெதுவாகச் சாய்த்து, உள்ளே இருக்கும் காற்று குமிழியாக வெளியேறிய பிறகு திருகுங்கள். காற்று உள்ளே மாட்டினால் பம்ப் சத்தம் மட்டும் போடும், தண்ணீர் இழுக்காது.