எந்த ஃபவுண்டேஷனை முதலில் எடுப்பது?

கேள்வி: ஐசக் அசிமோவின் ஃபவுண்டேஷன் அறிவியல் புனைவு நாவல்கள் ஏழையும் படிக்க ஆசை. கடையில் ‘பிரிலூட் டு ஃபவுண்டேஷன்’தான் முதல் பாகம் என்கிறார்கள். சரியா? ரோபாட் நாவல்களையும் படித்தே ஆகவேண்டுமா?
— வாசகி, திருச்சி

பதில்: கதை நடக்கும் காலப்படி பிரிலூட் முதல்தான். ஆனால் அது 1988-இல், பழைய நாவல்களில் ஊறியவர்களை மனதில் வைத்து எழுதப்பட்ட முன்கதை. அதன் கடைசியில் ஒரு பாத்திரம் உண்மையில் யார் என்பது உடைந்துவிடும். அதற்குப் பிறகு ‘ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்’தின் (1986) முடிவுக்கு வந்தால் திடுக்கிட அங்கே ஒன்றும் மிஞ்சாது. பிரிலூடின் முன்குறிப்பில் அசிமோவே கதைக் கால வரிசையில் ஒரு பட்டியல் தந்திருக்கிறார். இரண்டாம் முறை படிப்பவர்களுக்கு அது பொருந்தும்.

நீங்கள் ‘ஃபவுண்டேஷன்’ (1951), ‘ஃபவுண்டேஷன் அண்ட் எம்பயர்’ (1952), ‘செகண்ட் ஃபவுண்டேஷன்’ (1953) என்று தொடங்குங்கள். முதல் புத்தகம் ஐந்து பகுதிகளைக் கோத்தது. நான்கு பகுதிகள் 1940-களில் பத்திரிகையில் வந்த கதைகள். அதனால் நாயகர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், பகுதிக்குப் பகுதி பல ஆண்டுகள் தாவும். பலரும் புத்தகத்தை மூடிவைப்பது இந்த இடத்தில்தான். இரண்டாம் புத்தகத்தின் பின்பாதியில் மியூல் என்ற பாத்திரம் வரும்வரை பொறுத்துப் பாருங்கள்; பிறகு நீங்களே கீழே வைக்கமாட்டீர்கள்.

அடுத்து நேரே ‘ஃபவுண்டேஷன்ஸ் எட்ஜ்’ (1982) போகாமல் ரோபாட் நாவல்களுக்குத் திரும்புங்கள்: ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’, ‘தி நேக்கட் சன்’, ‘தி ரோபாட்ஸ் ஆஃப் டான்’, ‘ரோபாட்ஸ் அண்ட் எம்பயர்’. காரணம், ‘ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்’தில் சொலாரியா கிரகம் மறுபடி வருகிறது, நேக்கட் சன் படிக்காதவருக்கு அது இன்னொரு விசித்திர ஊர், அவ்வளவுதான். நேரமில்லை என்றால் ரோபாட் நாவல்களில் முதல் இரண்டையாவது படித்துவிடுங்கள். பிறகு எட்ஜ், எர்த். பிரிலூடும் ‘ஃபார்வர்ட் தி ஃபவுண்டேஷ’னும் (1993, ஆசிரியர் மறைவுக்குப் பின் வந்தது) கடைசியில். அசிமோவின் இன்னொரு வரிசையான பேரரசு (எம்பயர்) நாவல்கள் மூன்றும் தனித்து நிற்பவை. எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம், படிக்காவிட்டாலும் நஷ்டமில்லை.

கேள்வி: பழைய புத்தகக் கடையில் ‘தி 1,000 இயர் பிளான்’ என்ற அசிமோவ் நாவல் கிடைத்தது. இது வரிசையில் எங்கே?
— வாசகர், மதுரை

பதில்: புது நாவல் அல்ல. 1955-இல் ஏஸ் நிறுவனம் ‘ஃபவுண்டேஷ’னைச் சுருக்கி இந்தப் பெயரில் வெளியிட்டது. சேகரிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், படிக்க முழுப் பதிப்பை வாங்குங்கள். அப்படியே, ‘ரோபாட்ஸ் அண்ட் எம்பயர்’, ‘ஃபவுண்டேஷன் அண்ட் எம்பயர்’ இரண்டும் வேறு வேறு. இணையத்தில் வாங்கும்போது ஒன்றுக்கு மற்றொன்றைச் சொடுக்கிவிடாதீர்கள்.