அமெரிக்காவின் கிராமப்புறக் கவுண்டிகளிலும் பதிவுபெற்ற வரலாற்றுச் சின்னங்கள் உண்டா? அவற்றை அரசே பாதுகாக்கிறதா?

நிறையவே உண்டு. கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி, மாநிலத்துக்குள் இருக்கும் ஒரு நிர்வாகப் பிரிவு. நான் அயோவா மாநிலத் தலைநகர் டி மொயின் பக்கம் குடியிருப்பவன். அதனால் அதே மாநிலத்தில் பக்கத்தில் இருக்கும் மேடிசன் கவுண்டியை வைத்தே சொல்கிறேன். சோளமும் சோயாவும் விளையும் வயற்காடு. 2020 கணக்கெடுப்பின்படி கவுண்டி முழுக்கச் சேர்த்தே மக்கள்தொகை 16,500 சொச்சம்தான். தலைமை ஊர் வின்டர்செட்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், பலரும் தவறாகப் புரிந்துகொள்வது அதைத்தான். 1966-ல் வந்த சட்டத்தின் கீழ் ‘தேசிய வரலாற்று இடங்கள் பதிவேடு’ என்று ஒன்று இருக்கிறது. தேசியப் பூங்காத் துறை அதைப் பராமரிக்கிறது. மாநிலத்தின் வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகம் பரிசீலித்துப் பரிந்துரைக்க, வாஷிங்டனில் சேர்க்கிறார்கள். தனியார் கட்டடமாக இருந்து உரிமையாளர் எதிர்ப்புத் தெரிவித்தால் சேர்க்க முடியாது. சேர்த்த பிறகும், அவர் தன் சொந்தக் காசில் அதை மாற்றலாம், ஏன், உள்ளூர் விதி எதுவும் குறுக்கே வராவிட்டால் இடித்தே போடலாம். மத்திய அரசின் பணமோ அனுமதியோ சம்பந்தப்பட்ட வேலை என்றால் மட்டும், அந்த இடத்துக்கு என்ன பாதிப்பு என்று முன்கூட்டியே ஆராய வேண்டும். கடை, விடுதி என்று வருமானம் தரும் கட்டடத்தை முறைப்படி புதுப்பித்தால் செலவில் 20 சதவீதம் வரிச்சலுகை உண்டு. நம் ஊர்த் தொல்லியல் துறைச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் கட்டத் தடை இருக்கிறதே, அப்படி எதுவும் இந்தப் பதிவேட்டில் கிடையாது. ஆக, பதிவு என்பது ஒரு மரியாதை. காவல் காப்பது உள்ளூர்க்காரர்கள் கையில்தான் இருக்கிறது.

மேடிசன் கவுண்டியின் பெருமை அதன் கூரை போட்ட மரப் பாலங்கள். ஒரு காலத்தில் 19 இருந்தன, இன்று நிற்பவை 6. பாலத்துக்கு எதற்குக் கூரை என்று கேட்கத் தோன்றும். தளத்தில் போட்ட கனமான மரங்கள் விலை அதிகம். மழையிலும் பனியிலும் அவை உளுத்துப்போனால் மாற்றக் கட்டுப்படியாகாது. பக்கப் பலகையும் கூரையும் அவ்வளவு விலை இல்லை, போனால் மாற்றிக்கொள்ளலாம். இந்தக் கணக்கைப் போட்டுத்தான் கவுண்டி நிர்வாகமே பாலங்களை மூடச் சொன்னது. பெரும்பாலான பாலங்களுக்கு அருகில் குடியிருந்தவரின் பெயரையே வைத்தார்கள்.

1883-ல் பென்டன் ஜோன்ஸ் கட்டிய ரோஸ்மன் பாலத்துக்குள் போய் நின்று பக்கச் சுவரைப் பாருங்கள். பலகைகளைக் குறுக்கும் மறுக்குமாகச் சாய்த்துப் பின்னி, நெருக்கமான வலைபோல் ஆக்கியிருப்பார்கள். இத்தியல் டவுன் என்பவர் 1820-ல் காப்புரிமை வாங்கிய முறை அது. பெரிய உத்தரங்களைத் தேடி அலைய வேண்டாம், சாதாரணப் பலகைகளே போதும், பாரம் எல்லாப் பலகைக்கும் பிரிந்து போய்விடும். பெரிய பட்டறை எதுவும் இல்லாத நாட்டுப்புறத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொழில்நுட்பம் இருக்க முடியாது என்பது என் எண்ணம். ஜோன்ஸ் கட்டியவற்றுக்குத் தட்டையான கூரை. 1870-ல் ஈலை காக்ஸ் கட்டிய கட்லர்-டோனஹோ பாலத்துக்குச் சாய்ந்த கூரை. இதைத் தெரிந்துகொண்டு போனால் பாலங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துப் பார்ப்பது சுலபம்.

மனம் கனக்கும் விஷயமும் இதில் இருக்கிறது. 1983-ல் மெக்பிரைட் பாலத்துக்குத் தீ வைத்தார்கள், அதோடு அது போயிற்று. அப்போது கார் ஓட்டிக் கடக்க முடிந்த ஒரே பாலமான சீடர் பாலம் 2002-ல் எரிந்தது. அதேபோல் ஒன்றைத் திரும்பக் கட்டினார்கள். அதற்கும் 2017-ல் தீ வைத்தார்கள். ஊர்க்காரர்கள் சளைக்கவில்லை, 2019-க்குள் மூன்றாவது முறையாக எழுப்பிவிட்டார்கள். பதிவேட்டின் விதிப்படி, திரும்பக் கட்டியதைப் பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள். இடம் மாற்றியதையும் 50 வயது ஆகாததையும்கூட அப்படித்தான். ஆனால் விலக்கு உண்டு: 1970-ல் வின்டர்செட் நகரப் பூங்காவுக்குப் பெயர்த்துக்கொண்டு வந்த கட்லர்-டோனஹோவும், செயின்ட் சார்ல்ஸ் ஊருக்கு நகர்த்தப்பட்ட ஐம்ஸ் பாலமும் பதிவேட்டில் இருக்கின்றன. ரோஸ்மன், ஹாக்பேக், ஹாலிவெல் மூன்றும் கட்டிய இடத்திலேயே நிற்கின்றன.

பாலங்களோடு திரும்பிவிடாதீர்கள். உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லில் ஆரம்பக்காலக் குடியேறிகள் கட்டிய பண்ணை வீடுகளை 1987-ல் ஒரு தொகுப்பாகவே பதிவுசெய்தார்கள். அவற்றில் பலவற்றில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், சாலையில் நின்று பார்ப்பதே முறை. எனக்கு மிகவும் பிடித்தது வின்டர்செட்டில் பெவிங்டன் குடும்பத்தின் கழிப்பறை. ஆமாம், வீட்டுக்குப் பின்னால் தனியே கல்லில் கட்டிய கழிப்பறை, அது தன் பெயரிலேயே தேசியப் பதிவேட்டில் இருக்கிறது. கோட்டையும் மாளிகையும் மட்டுமே வரலாறு என்று பழகிய நமக்கு இது புதிது. ஒரு குடும்பம் அன்றாடம் எப்படி வாழ்ந்தது என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி ஏது? அதற்கும் இடம் கொடுத்த பதிவேட்டின் மீது எனக்கு நிஜமான மதிப்பு.

போவதானால் டி மொயினிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் வின்டர்செட். சதுக்கத்தின் நடுவே குவிமாடத்தோடு நிற்கும் சுண்ணாம்புக்கல் நீதிமன்றமும் பதிவுபெற்றதுதான், முந்தைய கட்டடம் எரிந்தபின் 1870-களில் கட்டியது. அங்கே தொடங்கி, கழிப்பறை இருக்கும் வரலாற்றுச் சங்க வளாகத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் பாலங்களுக்குப் போங்கள். சில பாலங்களுக்குச் சரளைச் சாலைதான், மழை நாளில் நிதானமாக ஓட்டவும். அக்டோபரில் பாலத் திருவிழா நடக்கும், கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த வார இறுதியைத் தவிர்த்துவிடலாம்.