தேக்குக் கப்பல் மாடலுக்கு தேக்கு வேண்டாம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணாச்சி, நான் தக்கலை பக்கம். எங்க பழைய ஓட்டு வீட்டை பிரிச்சப்போ வைரம் பாய்ஞ்ச தேக்கு உத்தரம் ரெண்டு கிடைச்சுது. மலபார் தேக்குல பம்பாய்ல கட்டின டிரிங்கோமலி போர்க்கப்பலை அதே தேக்குல மாடலா செய்யணும்னு ரொம்ப நாள் ஆசை. எந்த ஸ்கேல் எடுக்கட்டும், எப்படி ஆரம்பிக்கட்டும்?

பதில்: தம்பி, உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன், நல்ல கப்பலை எடுத்திருக்கீங்க. நம்ம திருகோணமலை பேரை சுமக்குற கப்பல், வாடியா குடும்பத்து ஜம்செட்ஜி பொமஞ்சி பம்பாய் டாக்கில கட்டி 1817 அக்டோபர் 12ல தண்ணியில இறக்கினது, இன்னைக்கும் இங்கிலாந்துல ஹார்ட்டில்பூல்ல மிதந்துட்டு நிக்குது. அதோட பிளான் முதல்ல ஜாவாங்கிற கப்பல்ல ஏறி பம்பாய்க்கு வந்துட்டு இருந்துச்சு, 1812 டிசம்பர்ல பிரேசில் பக்கம் அமெரிக்காவோட கான்ஸ்டிடியூஷன்ங்கிற போர்க்கப்பல் அந்த ஜாவாவை அடிச்சு முடிச்சதுல பிளானும் போச்சு, மறுபடி இன்னொரு காப்பி அனுப்பி வச்ச பிறகுதான் வேலையே ஆரம்பிச்சாங்க. பிளான் இல்லாம ஆசாரி உளியை தொடக்கூடாதுங்கிறதுக்கு இதைவிட நல்ல கதை எனக்கு தெரியல, நீங்களும் முதல்ல லீடா கிளாஸ் பிளான் வாங்கிடுங்க, டிரிங்கோமலி அந்த வகைக் கப்பல்தான்.

ஸ்கேல் 1:64 எடுங்க. பீரங்கித் தளம் நிஜத்துல ஏறக்குறைய 150 அடி, அது 72 சென்டிமீட்டர் ஆகும், முன்னாடி நீட்டுற மரத்தை சேத்தா மொத்தமா ஒரு மீட்டர் பக்கம் வரும். 1:48ன்னா உடம்பு மட்டுமே 95 சென்டிமீட்டர், நம்ம ஊரு வீட்டு ஹால்ல எங்க வைப்பீங்க.

இப்ப தேக்கு விஷயம். உங்க ஆசை எனக்கு புரியுது, ஆனா வேண்டாம். கப்பலை 64 மடங்கு சின்னதாக்கலாம், மரத்தோட ரேகையை சின்னதாக்க முடியாது. தேக்குல வருஷ வளையத்தை ஒட்டி இருக்குற துளை கால் மில்லிமீட்டர் இருக்கும், மாடல்ல அதை பாக்குறவன் கண்ணுக்கு 16 மில்லிமீட்டர், அதாவது பலகை பூரா சுண்டுவிரல் நுழையுற அளவு பொத்தலா தெரியும். அதோட 4 மில்லிமீட்டர் பட்டையா அறுத்தா சிலாம்பு எழும்பும், உளியும் சீக்கிரம் மழுங்கிரும், உள்ள இருக்குற எண்ணெய் பசையை பிடிக்க விடாது. நிஜக் கப்பலுக்கு அந்த எண்ணெய்தான் பலம், ஓக் மரம் மாதிரி ஆணியை அரிக்காது, அதுக்காகத்தான் வெட்டி வெட்டி காட்டை காலி பண்ணி கடைசில 1840கள்ல நிலம்பூர்ல தேக்கை நட்டே வளக்க வேண்டியதாச்சு. மாடலுக்கு அதே குணம் தொந்தரவு.

அதுக்கு பதிலா வெட்பாலை பாருங்க, சன்னபட்னாவிலயும் ஆந்திராவுல ஏட்டிகொப்பாகாவிலயும் பொம்மை கடையுற மரம் அதுதான், யானைத்தந்தம் மாதிரி வெளுப்பா ரேகையே தெரியாம இருக்கும், மேல்தளத்துக்கு அதைவிட நல்லது கிடையாது. பக்கப் பலகைக்கு மஞ்சக்கடம்பு. மரமில்லுல கேட்டு வாங்கி, அறுத்த பட்டையை ஒரு மழைக்காலம் பூரா வீட்டுக்குள்ள அடுக்கி வச்சு அப்புறம் தொடுங்க. ரப்பர் மரம் சும்மா கிடைக்குதேன்னு எடுத்துராதீங்க, மருந்து ஏத்தாத ரப்பர்ல வண்டு விழும். உங்க தாத்தா காலத்து உத்தரத்தை கப்பல் உக்காருற பீடத்துக்கும் கண்ணாடிப் பெட்டி சட்டத்துக்கும் வையுங்க, அங்க அந்த ரேகை எவ்வளவு பெரிசா தெரிஞ்சாலும் அழகுதான்.

கேள்வி: களியக்காவிளையில இருந்து எழுதுறேன் சார். கப்பல் மாடல் கிட் வாங்கி செய்யுறேன். அணியத்துப் பக்கம், அதாவது முன்முனையில, வளைக்கும்போது பட்டை ஒடியுது, ஒடியாதது மேல தூக்கிட்டு நிக்குது. ஃபெவிக்விக் போட்டு அமுக்கினாலும் நிக்கல.

பதில்: தூக்கிட்டு நிக்குதுன்னா தப்பு பட்டையில இல்ல, கீழ இருக்குற குறுக்குச் சட்டத்துல. ஏராக்கட்டையில, அதாவது கப்பலுக்கு அடியில முதுகெலும்பு மாதிரி ஓடுற கட்டையில, சட்டத்தை எல்லாம் ஒட்டின உடனே பட்டை ஒட்ட போயிடக்கூடாது, முன்பக்கமும் பின்பக்கமும் இருக்குற சட்டங்களோட ஓரத்தை உப்புத்தாள் வச்சு சரிவா தேய்க்கணும், ஒரு பட்டையை சும்மா வளச்சு வச்சு பாத்தா ஒவ்வொரு சட்டத்துலயும் அதோட முழு கனமும் படிஞ்சு உக்காரணும். இதுக்கு ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும். நான் இத்தனை வருஷத்துல பாத்த கோணல் கப்பல்ல பாதிக்கு மேல இந்த ஒரு வேலையை அவசரப்பட்டதாலதான் கோணிச்சு.

அடுத்தது, பட்டை கனத்துப் பக்கமாத்தான் வளையும், அகலத்துப் பக்கமா வளைக்கப் பாத்தா தூக்கத்தான் செய்யும். அதனால முன்னாடி போகப் போக பட்டையை ஒடுக்கணும். நடுச் சட்டத்துல காகிதத் துண்டு வச்சு சுத்தளவு எடுங்க, எத்தனை பட்டைன்னு வகுங்க, அதே எண்ணிக்கையை முன் சட்டத்து சுத்தளவுக்கும் வகுங்க, ஒவ்வொரு பட்டையோட முனை அகலமும் கையில வந்துரும். பாதி அகலத்துக்கும் கீழ போச்சுன்னா ஒரு பட்டையை இடையிலயே நிறுத்திட்டு பக்கத்துப் பட்டையை அகலமா விடுங்க, நிஜக் கப்பல்லயும் அப்படித்தான் செஞ்சாங்க. வளைக்க அரைமணி நேரம் சுடுதண்ணில ஊறப்போட்டு பழைய சால்டரிங் அயன் மேல மெதுவா இழுங்க, காய்ஞ்ச பிறகு ஃபெவிகால் போட்டு ஒட்டுங்க. ஃபெவிக்விக் வழிஞ்ச இடத்துல பிற்பாடு சாயம் ஏறாது.

ஒரு பக்கம் ஒரு பட்டைன்னா மறுபக்கமும் ஒண்ணு, மாத்தி மாத்தி. என் முதல் கப்பல்ல இடது பக்கத்தை மொத்தமா முடிச்சிட்டு வலது பக்கம் வந்தேன், ஏரா முறுக்கிப் போச்சு, எட்டு மாச வேலையை பிரிச்சுப் போட்டேன், அந்த ராத்திரி தூக்கம் வரல.

கேள்வி: செங்கோட்டையில இருந்து ஒரு வாசகி. பாய்மரக் கயிறெல்லாம் கறுப்பா வெள்ளையா?

பதில்: ரெண்டும்தான் அக்கா. பாய்மரத்தை தாங்கி நிக்குற கயிறு அசையாது, தார் பூசியிருப்பாங்க, அது கறும்பழுப்பு. பாயை ஏத்தி இறக்குற கயிறு கையில ஓடிட்டே இருக்கும், அது வெளிறின சணல் நிறம். ஏணி மாதிரி குறுக்கே கட்டுற படிக்கயிறு நிஜத்துல 13ல இருந்து 15 இஞ்சுக்கு ஒண்ணு, உங்களுக்கு 1:64ன்னா 5, 6 மில்லிமீட்டர், கோடு போட்ட அட்டையை பின்னாடி வச்சுக்கிட்டு கட்டுங்க. நூலை தேன்மெழுகுல இழுத்த பிறகு கட்டுங்க, பஞ்சு எழும்பாது, மார்த்தாண்டத்துல தேனீ வளக்குறவங்க கிட்ட ஒரு கட்டி வாங்கினா ரெண்டு கப்பலுக்கு வரும்.

கேள்வி: பாறசாலை. நான் கட்டி முடிச்ச கப்பல்ல ஜூன் மாசம் ஆனா கயிறு விறைக்குது, மார்ச்சுல தொங்குது. என்ன செய்யலாம்?

பதில்: பருத்தி நூல் ஈரத்துல சுருங்கும், உங்க பக்கம் ரெண்டு மழையும் உண்டு, அதான். இனிமே பாலியஸ்டர் நூல் போடுங்க. இப்ப இருக்குறதை அவுக்க வேண்டாம், கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு, அடியில ரெண்டு சின்ன காத்து ஓட்டை விடுங்க, முழுசா அடைச்சா உள்ள பூஞ்சை வந்துரும். வெயில் நேரா விழுற ஜன்னல் பக்கமும் வேண்டாம்.