பழைய ட்ராகன் படகு: பலகை இடுக்கில் எபாக்ஸி வேண்டாம்

ஓஸ்லோ வாசகர் ஒருவர் 1950களில் கட்டிய மர ட்ராகன் பாய்மரப் படகு வாங்கியிருக்கிறார். இரண்டு ஆண்டு கொட்டகையில் கிடந்ததில் பலகைகளுக்கிடையே நாணயம் நுழையுமளவு இடுக்கு விழுந்துவிட்டதாம். எபாக்ஸி என்னும் இறுகும் பிசினால் அடைக்கலாமா என்று கேட்கிறார்.

கூடவே கூடாது. காய்ந்த மரம் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீரில் இறங்கியதும் பலகை ஊதும். இடுக்கில் கல்லாக இறுகிய எபாக்ஸி இருந்தால் ஊதும் பலகைக்கு இடமிருக்காது. அந்த அழுத்தம் ஆணிகளைப் பிடுங்கும், உள்ளே விலா எலும்புபோல் நிற்கும் வளைந்த சட்டங்களான வங்குக்கால்களை வளைவில் முறிக்கும். பழைய ட்ராகன்கள் பல இப்படித்தான் வீணாகின்றன.

நார்வே படகு வடிவமைப்பாளர் யோஹான் ஆங்கர் 1929இல் வரைந்த படகு இது. நீளம் 8.9 மீட்டர், எடை சுமார் 1,700 கிலோ. அதில் பாதிக்கும் மேல் அடியிலுள்ள வார்ப்பிரும்பு ஏரா (கீல்). 1948 முதல் 1972 வரை ஒலிம்பிக்கில் ஓடியது. கண்ணாடியிழை ட்ராகன் 1970களில்தான் வந்தது. அதற்கு முந்தைய படகுகளுக்கு மரத்துக்குரிய பராமரிப்புதான் சரி.

முதலில் இடுக்கில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பருத்தித் திரி இருந்தால், இற்றுப்போன இடத்தில் மட்டும் புதுத் திரி வைத்து மென்மையாகக் கலப்பற்று செய்யலாம், அதாவது திரியை இடுக்கில் தட்டி இறக்கி அடைக்கலாம். திரியே இல்லாமல் பலகையோடு பலகை இழைத்துச் சேர்த்திருந்தால் எதையும் அடித்து இறக்காதீர்கள். லின்சீட் ஆயில் பட்டியை மெல்லப் பூசினால் போதும், ஊதும்போது மிகுதி தானே பிதுங்கி வெளியேறும்.

பிறகு படகுக்குள் சாக்குகளை விரித்து ஒரு வாரம் ஈரமாகவே வைத்திருங்கள். கடல்நீரையே ஊற்றுங்கள், நன்னீர் தேங்கினால் மரம் உளுத்துவிடும். படகுக்குள் குளம்போல் நிரப்பவும் வேண்டாம், அத்தனை எடையைத் தாங்க அது கட்டப்படவில்லை. இறக்கும் நாளில் கிரேன் பட்டையைக் கழற்றாமல் இரண்டு மூன்று நாள் தொங்கலிலேயே விடுங்கள். கரை மின்சாரத்தில் ஓடும் பம்பு ஒன்று, மாற்றுக்கு இன்னொன்று. கசிவு அடங்கும்வரை பாய்மரக் கம்பிகளை முறுக்கி இறுக்க வேண்டாம்.

ஒரு வாரத்துக்குப் பிறகும் ஏராவை ஒட்டிய முதல் பலகையோரம் நீர் ஊறினால், சந்தேகம் ஏரா போல்ட்டுகள் மேல். படகைத் தூக்கும்போது இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே கோடு விரிகிறதா பாருங்கள். விரிந்தால் ஒன்றிரண்டு போல்ட்டை உருவிச் சோதியுங்கள். நடுப்பகுதி அரித்து மெலிந்திருந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். துருப்பிடிக்காத எஃகு என்று நம்பி ஸ்டெயின்லெஸ் போடாதீர்கள்: காற்றுப்படாத ஈரமரத்துக்குள் அது வெளியே தெரியாமலே குழிகுழியாக அரிக்கும். வெண்கலமும் வேண்டாம், இரும்பு ஏராவைத் தின்றுவிடும். கால்வனைஸ் செய்த, அதாவது துத்தநாகம் பூசிய, எஃகு போல்ட்டுதான் சரி.