ஐபி முகவரி அடிக்கடி மாறுகிறது. வீட்டுச் சர்வரை வெளியிலிருந்து தடையின்றி அணுக என்ன வழி?

டைனமிக் டிஎன்எஸ் போதும்; ஐபி மாறும்போதெல்லாம் ஒரே பெயரைப் புதிய முகவரியோடு இணைத்துவிடும் சேவை அது. ஆனால் அதில் கை வைக்கும் முன், உங்களுக்கு, வெளியிலிருந்து நேரடியாக எட்டக்கூடிய பொது முகவரிதான் கிடைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இதைப் பார்க்காமல், வெளியிலிருந்து வரும் இணைப்பை ரௌட்டர் சர்வருக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டுபவர்களைக் கண்டால் மனம் பொறுப்பதில்லை.

ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்தில், இணைய இணைப்பின் நிலையைக் காட்டும் இடத்தில் ஓர் ஐபி இருக்கும். அதே இணைப்பிலிருந்து, நம் ஐபியைக் காட்டும் தளம் ஒன்றையும் திறந்து பாருங்கள். இரண்டும் ஒன்றென்றால் கவலையில்லை. ரௌட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். அதாவது, ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். இந்த எண் தொகுதி 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அங்கே டைனமிக் டிஎன்எஸ் எடுபடாது. வெளியிலிருந்து வரும் இணைப்பு உங்கள் ரௌட்டரை எட்டவே எட்டாது. ஐபி முகவரியின் புதிய வகையான ஐபிவி6 இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் டெய்ல்ஸ்கேல், கிளவுட்ஃப்ளேர் டனல் போல, சர்வரே உள்ளிருந்து வெளியே இணைப்பை ஏற்படுத்தும் வழிகள்தான் கைகொடுக்கும்.

பொது முகவரி இருக்கிறது என்றால் டக்டிஎன்எஸ் போன்ற இலவசச் சேவையோ, நிரல் வழியாகவே முகவரியை மாற்ற ஏபிஐ தரும் டிஎன்எஸ் நிறுவனத்தில் சொந்த டொமைனோ போதும். ரௌட்டரிலேயே இந்த வசதி இருந்தாலும், புதுப்பிக்கும் வேலையைச் சர்வரிடம் கொடுப்பதையே நான் விரும்புகிறேன். ஐபிவி6இல் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி. ரௌட்டர் தன் முகவரியைப் பதிந்துவிட்டால் வருகிறவர்கள் ரௌட்டரின் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். டிடிகிளையன்ட், இனாடின் இரண்டுமே நல்ல நிரல்கள். நீங்களே ஸ்கிரிப்ட் எழுதினால், குறித்த நேரத்தில் நிரல்களை இயக்கும் கிரானில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிட்டு, தற்போதைய முகவரியைக் கடைசியாக அனுப்பியதோடு ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் மட்டும் அனுப்புங்கள். மாறாத முகவரியையே திரும்பத் திரும்ப அனுப்பும் கணக்கைச் சில சேவைகள் முடக்கிவிடும்.

அடுத்தது டிடிஎல், அதாவது டிஎன்எஸ் தரும் பதிலை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற அளவு. இதை நான் 60 விநாடியில் வைப்பேன். 3600 என்று விட்டுவிட்டால், முகவரி மாறிய பிறகும் ஒரு மணி நேரம் வரை பழைய பதிலே சிலருக்குக் கிடைத்துக்கொண்டிருக்கும். அதற்குள் அந்தப் பழைய முகவரி முன்பின் தெரியாத வேறொரு வீட்டுக்குப் போயிருக்கலாம். உங்கள் கடவுச்சொல் அந்த வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது அல்லவா? அதனால் எச்டிடிபிஎஸ் கட்டாயம். லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழை டொமைன் பெயருக்கே வாங்குகிறோம் என்பதால், ஐபி மாறினாலும் அது செல்லும். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச்சிலும் அப்படியே: முகவரி மாறினாலும் சர்வரின் சாவி மாறாது. சாவி மாறிவிட்டது என்று எச்சரிக்கை வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வயர்கார்ட் என்ற விபிஎன்னைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு சொல். அது டொமைன் பெயரை இணைப்பைத் தொடங்கும்போது ஒருமுறைதான் பார்க்கும். பிறகு பழைய ஐபியையே பிடித்துக்கொண்டிருக்கும். பெயரை மறுபடி பார்க்கவைக்கும் சிறு ஸ்கிரிப்ட் வயர்கார்ட் கருவிகளின் மூலநிரலோடு வருகிறது. வெளியில் இருக்கும் கருவியில் அதை டைமரில் போட்டுவிடுங்கள்.

வீட்டுக்குள் சர்வருக்கு நிலையான உள் முகவரியை, கருவிகளுக்கு ரௌட்டர் முகவரி வழங்கும் டிஎச்சிபியில் ஒதுக்கிவையுங்கள். மெயில் சர்வர் மட்டும் வேண்டாம். மாறும் முகவரிகளிலிருந்து வரும் அஞ்சலைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை.

சோதிக்கும்போது வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். உள்ளிருந்து சொந்தப் பொது முகவரிக்குப் போகச் சில ரௌட்டர்கள் விடுவதில்லை. எல்லாம் சரியாக இருந்தும் பழுதுபோலவே தெரியும். பிறகு ரௌட்டரை அணைத்துப் போடுங்கள். முகவரி மாறி, சில நிமிடங்களில் அதே பெயரில் சர்வர் திறந்தால் வேலை முடிந்தது.